எடை வேறு, சரக்கு வேறு

கொழுந்து மடுவத்தில் தராசைத் தொங்கவிட்டதும் மலையில் ஒரு பழைய வழக்கு தொடங்கிவிடும். சாக்கைக் கொக்கியில் மாட்டினால் முள் 20 கிலோவைத் தொடும். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் 18 என்று விழும். சாக்குக்கு ஒரு கிலோ கழிவு, தண்ணீருக்கு ஒரு கிலோ கழிவு. அந்த இரண்டு கிலோவில் முழுநாள் சம்பளமான முழுப்பேர், அரைநாள் சம்பளமான அரைப்பேராகிப் போவதும் உண்டு. ஹட்டன் பக்கம் மழை நாளில் பறித்த கொழுந்தில் தண்ணீர் ஒட்டியிருப்பது உண்மைதான். ஆனால் வெயில் காய்கிற பெப்ரவரியிலும் அதே கழிவைப் போட்டால் அதை எப்படிக் கணக்கு என்பது? ஒரு கிலோ கொழுந்தை எடுத்து, துணியால் ஒற்றி, மறுபடி நிறுத்தால் அன்றைய தண்ணீர் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

கழிவு போடுகிறவரின் கேள்வி மட்டும் சரியானது: இந்த எடைக்குள் சரக்கு எவ்வளவு?

ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், இந்தக் கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்ல முடியாது. பச்சைக் கொழுந்து 100 கிலோவில் ஏறத்தாழ 78 கிலோ தண்ணீர். மீதி 22 கிலோதான் தேயிலையாகப் போகிற உலர்பொருள். வாட்டும் தொட்டியில் இரவு முழுக்கக் காற்றடித்து, ஈரத்தை 55 வீதத்துக்கு இறக்குகிறார்கள் என்று வையுங்கள். எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்? சாதாரண தர வகுப்பில் கேட்டுப்பாருங்கள். பாதிப் பேர் 78-இலிருந்து 55-ஐக் கழித்து 23 கிலோ என்பார்கள். போனது 51 கிலோ. அந்த 22 கிலோ உலர்பொருள் அப்படியே இருக்கிறது (கொழுந்தின் சுவாசத்தில் கொஞ்சம் போகும், அதை விடுவோம்). முன்பு மொத்தத்தில் 22 வீதமாக இருந்தது இப்போது 45 வீதம். 22-ஐ 0.45-ஆல் வகுத்தால் தொட்டியில் மிஞ்சியிருப்பது 49 கிலோ. மாறாததைப் பிடித்துக்கொண்டு மாறியதைக் கண்டுபிடிப்பதுதான் இரசாயனக் கணக்கில் பாதி.

அரைத்து, நொதிக்க விட்டு, சூட்டில் உலர்த்தி, ஈரத்தை 3 வீதத்துக்குக் கொண்டுவந்தால் 22.7 கிலோ தேயிலை வரவேண்டும். நடைமுறையில் 21.5 கிலோ வந்தாலே டீ மேக்கர் நிம்மதியாக இருப்பார். கொழுந்தின் மேல் ஒட்டிவந்த தண்ணீரும், சலிப்பில் போகும் நாரும் தூசும் மீதியைத் தின்றுவிடும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் கொழுந்து என்று தோட்டத்தில் சொல்வது இதைத்தான். அந்த 3 வீதத்தைச் சரிபார்க்க ஆய்வுகூட முறை எளிது: கொஞ்சம் தூளை நிறுத்து, 103 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசமே ஈரம்.

உர மூட்டைக்கும் இதே கேள்விதான். யூரியாவின் ஒரு மூலக்கூறில் காபன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று, நைதரசன் இரண்டு, ஐதரசன் நான்கு. 12, 16, 28, 4 கூட்டினால் 60. அதில் நைதரசன் 28. அதாவது நூற்றுக்கு 46-க்குக் கொஞ்சம் மேல். அமோனியம் சல்பேற்றுக்குக் கூட்டினால் 132 வரும். நைதரசன் அதே 28, ஆகவே 21 வீதம். செடி கேட்பது நைதரசனை. மூட்டை எத்தனை என்பது லொறிக்காரர் கவலை.

செடிக்கு எவ்வளவு வேண்டும்? உலர்ந்த தேயிலையில் ஏறக்குறைய 4 வீதம் நைதரசன் இருக்கிறது. ஒரு ஹெக்டேர் மலை வருடத்துக்கு 2,000 கிலோ தேயிலை தந்தால், 80 கிலோ நைதரசன் கொழும்பு ஏலத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மழையில் கரைந்து ஆற்றுக்குப் போவது தனி. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-இல் தொடங்கப்பட்டது. மண்ணுக்கு எதை எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்பது அதன் அன்றாட வேலைகளில் ஒன்று.

இந்த நிலையில்தான் 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்த அரசாங்கம் முடிவெடுத்தது. மே மாதம் வர்த்தமானி வந்தது. கோத்தாபய ராஜபக்ஷவின் ஆட்சி. இனி சேதனப் பசளைதான் என்றார்கள். சேதனப் பசளை நல்லது. மண்ணைக் கட்டிவைக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாமா? 100 கிலோ நைதரசனுக்கு யூரியா 217 கிலோ போதும். உலர்ந்த கூட்டெருவில் நைதரசன் ஒன்றிலிருந்து இரண்டு வீதம். ஒன்றரை என்று எடுத்து, எருவில் 30 வீதம் ஈரமும் இருந்தால், அதே 100 கிலோவுக்கு ஒன்பதரைத் தொன் எரு வேண்டும். 25 கிலோச் சுமையாகக் கட்டினால் யூரியா 9 சுமை, எரு 381 சுமை. சுமப்பது வயல்வெளியில் அல்ல, நுவரெலியாச் சரிவில், ஒரு ஹெக்டேருக்கு. அத்தனை எருவை நாடு முழுவதற்கும் ஒரே வருடத்தில் யார் செய்வது என்பது அடுத்த கேள்வி.

ஒக்டோபரில் தேயிலைக்கும் நவம்பரில் மற்றப் பயிர்களுக்கும் தடை தளர்ந்தது. அதற்குள் உலகச் சந்தையில் உரத்தின் விலை ஏறிவிட்டது, நாட்டில் டொலரும் இல்லை. அடி உடனே தெரியவில்லை. 2021-இல் தேயிலை உற்பத்தி சுமார் 30 கோடிக் கிலோ, முந்திய வருடத்தைவிட அதிகம். செடி தன் கையிருப்பைத் தின்றுகொண்டிருந்தது. 2022-இல் சுமார் 25 கோடிக் கிலோவுக்கு இறங்கியது. கொழுந்து ஓடாத மலையில் ஒரு நாளுக்குக் கேட்கிற கிலோவை எடுப்பது எத்தனை கஷ்டம் என்று மடுவத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

அதே ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்து இறங்கியது. முக்கியமாக நெல்லுக்கு. அரை லீற்றர் போத்தல் 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சமம் என்பது தயாரிப்பாளரின் விளம்பரம். திரவத்தில் நைதரசன் 4 வீதம். ஆகவே போத்தலுக்குள் 20 கிராம். மூட்டைக்குள் 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். இலையில் தெளித்தால் வீணாகாது என்றார்கள். சரி, ஒரு துளியும் வீணாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தேயிலையில் தெளித்திருந்தால் அந்த 20 கிராம் அரைக் கிலோ தேயிலைக்குக் காணும்; கொழுந்தாகச் சொன்னால் இரண்டேகால் கிலோ. மடுவத்தில் சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிக்கிற அளவைவிடக் கொஞ்சம் கூட.