தத்துப் பிள்ளையும் சொந்த ஊரும்

தில்லியிலோ மும்பையிலோ பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளைப் புதிதாகச் சந்திப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உனக்குச் சொந்த ஊர் எது?" என்பதுதான். திருநெல்வேலி என்றோ கும்பகோணம் என்றோ பிள்ளை உடனே சொல்லிவிடும். அந்த ஊரை அது இரண்டு கோடை விடுமுறைகளில் மட்டும்தான் பார்த்திருக்கும். ஆனாலும் அதனிடம் ஒரு பதில் இருக்கிறது. கடல் கடந்து தத்துக் கொடுக்கப்பட்ட எத்தனையோ பேரிடம் அந்தப் பதில் இல்லை. நல்ல மனத்தோடு தொடங்கிய ஒரு காரியத்தில் இந்தக் குறை எப்படி வந்தது, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்பதைப் பார்ப்போம்.

எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு சட்டம்

அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்பது ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்தவர்கள் ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதியர். ஹாரி விவசாயமும் மரத்தொழிலும் செய்தவர். பெர்த்தா செவிலியர் பயிற்சி பெற்றவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடைய குடும்பம். அவர்களுக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள்.

1954 டிசம்பரில் ஒரு கூட்டத்தில், வேர்ல்டு விஷன் நிறுவனர் பாப் பியர்ஸ் எடுத்த ஒரு படத்தை அவர்கள் பார்த்தார்கள். கொரியப் போர் 1953இல் நின்றிருந்தது. அமெரிக்கப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் அநாதை இல்லங்களில் கிடந்தார்கள். தந்தை வழியிலேயே குடும்பப் பதிவு நடந்த அந்த நாட்டில், தந்தை பெயர் தெரியாத, முகச்சாயல் மாறிய குழந்தைக்கு இடமில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஹோல்ட் தம்பதியர், எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

அப்போதைய அமெரிக்கச் சட்டம் ஒரு குடும்பத்திற்கு இரண்டு அயல்நாட்டு அநாதைக் குழந்தைகளை மட்டுமே அனுமதித்தது. ஹாரி கொரியாவுக்குப் புறப்பட்டுப் போனார். பெர்த்தா ஊரில் இருந்தபடியே அமெரிக்கக் காங்கிரஸின் கதவைத் தட்டினார். 1955இல் அவர்களுக்காகவே ஒரு தனிச் சட்டம் நிறைவேறியது. அந்த அக்டோபரில் ஹாரி பன்னிரண்டு குழந்தைகளுடன் விமானத்தில் வந்து இறங்கினார். அவர்களில் எட்டுப் பேர் ஹோல்ட் வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள்.

செய்தி நாடெங்கும் பரவியது. எங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. 1956இல் ஹோல்ட் தம்பதியர் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஹாரி 1964இல் கொரியாவிலேயே காலமானார். 2000இல் மறைந்த பெர்த்தாவையும் அங்கே கணவரின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள். அவர்களுடைய அன்பில் யாரும் குறை சொல்ல முடியாது.

காகிதத்தில் நேர்ந்த பிழை

குறை வந்தது வழிமுறையில். ஹோல்ட் முறையில் பெற்றோர் கொரியாவுக்குப் போகத் தேவையில்லை. அவர்கள் சார்பில் வேறொருவர் கொரிய நீதிமன்றத்தில் தத்தெடுப்பை முடித்துக் குழந்தையை அனுப்பி வைப்பார். வீட்டின் நிலை என்ன, இந்தக் குழந்தையை வளர்க்க அவர்கள் தகுந்தவர்களா என்ற முழுமையான விசாரணையைவிட, அவர்களுடைய பக்தி பெரிதாகப் பார்க்கப்பட்டது. சமூக நல ஊழியர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1961இல் அமெரிக்கச் சட்டம் இந்தப் பதிலாள் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் திறந்த வழி அடைபடவில்லை. பல முகவர் அமைப்புகள் தோன்றின. போர்க்காலக் குழந்தைகளுக்குப் பிறகு, ஏழைகளின் குழந்தைகளும் மணமாகாத தாய்மார்களின் குழந்தைகளும் அனுப்பப்பட்டார்கள். 1985ஆம் ஆண்டில் மட்டும் 8,800க்கும் அதிகமான குழந்தைகள் கொரியாவை விட்டுப் போனார்கள். மொத்தம் சுமார் 2 லட்சம் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு.

குழந்தையை விரைவாக அனுப்ப வேண்டுமானால் அது அநாதையாக இருக்க வேண்டும். எனவே பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளுக்கும் அநாதை என்று புதிய பதிவேடு எழுதப்பட்டது. அனுப்ப ஏற்பாடான குழந்தை இறந்துபோனாலோ, பெற்றோர் வந்து திரும்பக் கேட்டாலோ, அதே காகிதங்களோடு வேறொரு குழந்தை அனுப்பப்பட்டதும் உண்டு. 2025 மார்ச்சில் தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இவற்றை உறுதி செய்து, தத்துக் கொடுக்கப்பட்டவர்களின் உரிமைகளை அரசே மீறியது என்று அறிவித்தது. ஐம்பது வயதில் தாயைத் தேடி சியோலுக்கு வந்து, தன் கையிலிருக்கும் பிறந்த தேதியும் பெயரும் வேறொரு குழந்தையுடையவை என்று அறிந்தால் எப்படி இருக்கும்? வளர்த்த பெற்றோர் எவ்வளவு அன்பு காட்டியிருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இன்னொரு பிழையும் உண்டு. தத்தெடுத்த பெற்றோர் சிலர் குழந்தைக்குக் குடியுரிமை விண்ணப்பம் போடாமலே விட்டுவிட்டார்கள். 2000இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் தத்துக் குழந்தைகளுக்குத் தானாகவே குடியுரிமை வழங்கியது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தபோது 18 வயதைக் கடந்திருந்தவர்களுக்கு அது பயன்படவில்லை. மொழியே தெரியாத நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

நம் நாட்டில்

நம் நாட்டிலிருந்தும் குழந்தைகள் வெளிநாடு போனார்கள். அதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1984இல் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். முதலில் இந்தியப் பெற்றோருக்கு வாய்ப்பு, அது இயலாதபோதே வெளிநாடு, அதுவும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாக மட்டும் என்ற நெறிகள் அதில் வகுக்கப்பட்டன. 1990இல் காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு அமைப்பு உருவானது. 1993இன் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003இல் ஏற்றுக்கொண்டது.

இங்கே நம் கிறிஸ்தவ அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு மட்டும் உரியது. சென்னையில் வாழ்ந்த கிறிஸ்தவத் தம்பதியர் நீண்ட காலம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் 'காப்பாளர்' ஆக மட்டுமே முடிந்தது. வெளிநாட்டுத் தம்பதியருக்கும் அதே சட்டம்தான். ஒரு வேறுபாடு: அவர்கள் தம் நாட்டுக்குப் போய் முறைப்படி தத்தெடுத்துக்கொள்ளலாம். நம்மவருக்கு அந்த வழியும் இல்லை. 2000இல் வந்த சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் இந்த நிலையை மாற்றின. எந்த மதத்தினரும் இந்தச் சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம்.

செய்ய வேண்டியவை

தத்தெடுக்க விரும்புவோர் காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நாம் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோமோ அங்கேயே வீட்டு விசாரணை நடக்கும். இதற்காகத் தமிழ்நாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வாழும் நம் பிள்ளைகள், அந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர்கள் உள்நாட்டினருக்குச் சமமாகவே கருதப்படுகிறார்கள்.

குழந்தையை ஒப்படைக்கும் தாய் மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையானால் பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகே, தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்கும். அதற்குப் பிறகுதான் மற்றவை. இறுதி ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அதன் பின்னும் இரண்டு ஆண்டுகள் குழந்தையின் நலனைக் கவனித்து அறிக்கை தருவார்கள்.

காத்திருப்பு நீளமானது. பொறுமையிழந்த சிலரிடம், "தெரிந்த மருத்துவமனையில் ஒரு குழந்தை இருக்கிறது, நேரே வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். அது மூன்று ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். அதைவிடப் பெரிய தீங்கு, அந்தக் குழந்தையின் பிறப்பு வரலாறு அன்றோடு அழிந்துபோவது.

பெற்றால்தான் பிள்ளையா என்று கேட்கத் தெரிந்தவர்கள் நாம். வளர்ப்பவரும் பெற்றவரே என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதிலேயே உண்மையைப் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். அதன் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு தன் பிறப்பைப் பற்றித் தானே விண்ணப்பித்து அறியச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. அப்படி அது கேட்கும்போது, நம் அன்பில் ஏதோ குறை என்று எண்ணி வருந்த வேண்டாம். முப்பது ஆண்டுகளாக வேற்று மாநிலத்தில் நன்றாக வாழ்ந்தாலும் ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் நாம் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா? அந்தப் பிள்ளை கேட்பதும் அதைத்தான்.