சக்கரங்களின் மேல் ஒரு குடித்தனம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டையும் செய்து முடித்த ஒரு தம்பதியர், அறுபது வயதுக்கு மேல், கட்டிய வீட்டை விற்றுவிட்டு ஒரு வண்டியில் ஏறிப் புறப்பட்டால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? பிள்ளைகள் துரத்திவிட்டார்கள் என்பார்கள். அல்லது கடன் தொல்லை என்பார்கள். அமெரிக்க நாட்டிலோ இது பலர் தாமே விரும்பித் தேர்ந்துகொள்ளும் வாழ்க்கை முறை.

எனக்கு இதில் ஆர்வம் பிறந்த கதை வேறு. வெப்ப இயற்பியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒருநாள், "நெருப்பு மூட்டிக் குளிர்ச்சி உண்டாக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதில் மோட்டாரே கிடையாது" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தப் பெட்டியைத் தேடி நூலகத்துக்குப் போன நான், அது இருக்கும் வண்டியையும், அந்த வண்டியில் வாழும் மனிதர்களையும் பற்றிப் படிக்கலானேன். படித்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆர்.வி. என்பது யாது?

'ரிக்ரியேஷனல் வெஹிகிள்' என்பதன் சுருக்கமே ஆர்.வி. சமையலறை, படுக்கை, கழிப்பறை, குளியலறை ஆகிய அனைத்தும் உள்ளடங்கிய வண்டி இது. இதில் இரு பெரும் வகைகள் உண்டு. தானே இயந்திரம் கொண்டு பேருந்து போல் ஓடுவது மோட்டார் வீடு. வேறொரு வண்டியின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லப்படுவது டிரெய்லர். வாலி பையாம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936-ல் அலுமினியத் தகட்டால் செய்து வெளியிட்ட 'கிளிப்பர்' என்ற டிரெய்லரில் நால்வர் படுக்க இடமும், தண்ணீர் வசதியும், மின்விளக்கும் இருந்தன. 1959-ல் பையாமின் தலைமையில் 41 டிரெய்லர்கள் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் புறப்பட்டு, அடுத்த ஆண்டு கெய்ரோ வரை சென்றன.

விடுமுறைக்குப் பத்து நாள் போய்வருவது வேறு, அதிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருப்பது வேறு. எட்டடி அகலம், இருபத்தைந்தடி நீளம் என்றால் மொத்தம் 200 சதுர அடி. அந்த இடத்துக்குள் இருவர் வாழ வேண்டும். ஆகவே புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றைக் காண்போம்.

முதற் கணக்கு: எடை

ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சட்டமும், அச்சும், டயரும் தாங்கக்கூடிய உச்ச எடை உண்டு. அதை வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். ஒரு மோட்டார் வீட்டின் உச்ச எடை 4,500 கிலோ என்றும், வெற்று வண்டியின் எடை 3,700 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 800 கிலோ. இதில் கணவன், மனைவி இருவருக்கும் 140 கிலோ. 200 லிட்டர் தண்ணீருக்கு 200 கிலோ. எஞ்சுவது 460 கிலோ. துணி, பாத்திரம், அரிசி, பருப்பு, கருவிகள், புத்தகம், புகைப்படங்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த வீட்டுச் சாமான்களை 460 கிலோவாக்குவதுதான் இந்த ஆயத்தத்திலேயே கடினமான பகுதி எனலாம்.

சாமான்களை ஏற்றியபின், லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்குச் சென்று முன் அச்சு, பின் அச்சு எனத் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறார்கள். டிரெய்லராக இருந்தால் மற்றொரு விதியும் உண்டு. அதன் மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு, இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். கனமான பொருள்களைப் பின்பக்கம் அடுக்கி இந்த அழுத்தம் குறைந்துவிட்டால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் மீன்வால் போல் இருபுறமும் ஆடி, வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும். ஈர்ப்பு மையம் என்று நாம் தேர்வுக்காகப் படிப்பது அங்கே உயிர் காக்கும் பாடமாகிறது.

தண்ணீரும் கழிவும்

200 லிட்டர் என்பது நம் கணக்கில் பதின்மூன்று குடம். அதை வைத்து இருவர் பல நாள் ஓட்ட வேண்டும். உடலை நனைத்துக் குழாயை மூடிவிட்டுச் சோப்புத் தேய்த்து, மறுபடி திறந்து அலசிக் குளிப்பது அவர்கள் பழகிக்கொள்ளும் முதற் பாடம்.

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த தண்ணீருக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. பின்னிரண்டையும் கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது. அதற்கென அமைந்த நிலையங்களில்தான் வெளியேற்ற வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறப்பார்கள், பிறகே குளியல் நீரைத் திறப்பார்கள். இரண்டாவது நீர் குழாயைக் கழுவிவிடும் அல்லவா?

குளிர்காலத்தில் வேறொரு ஆபத்து உண்டு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகிக் குழாய்களை வெடிக்கச் செய்யும். ஆகவே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் குழாய்களை வடித்து, நஞ்சற்ற உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றி வைக்கிறார்கள். பயணத்தில் இருப்பவர்களோ பறவைகளைப் போல் குளிர்காலத்தில் தெற்கே அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா பக்கம் போய்விடுகிறார்கள்.

மின்சாரம் எவ்வளவு?

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு பாட்டரியில் 1,200 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய-அமில வகையானால் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 600 வாட்-மணிதான். ஐந்து வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 100. முப்பது வாட் விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 240. கணினிக்கும் கைப்பேசிக்கும் 150. மொத்தம் 490. ஒரு நாள் சமாளித்தாயிற்று. ஆனால் 1,500 வாட் குளிர்சாதனத்தைப் போட்டால் இதே 600 வாட்-மணி 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். லித்தியம் பாட்டரியில் பாதிக்கும் மேலே எடுக்க முடியும், எடையும் குறைவு, விலைதான் அதிகம். கூரையில் சூரியத் தகடு பதித்துப் பகலில் பாட்டரியை நிரப்பிக்கொள்கிறார்கள்.

நெருப்பில் பிறக்கும் குளிர்ச்சி

இனி என்னை இதற்குள் இழுத்துவந்த குளிர்பெட்டிக்கு வருவோம். அதற்குள் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் அடைக்கப்பட்டுள்ளன. சிறு எரிவாயுச் சுடர், நீரில் கரைந்த அம்மோனியாவை ஆவியாக்கி மேலே அனுப்புகிறது. அது குளிர்ந்து நீர்மமாகி, ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் இறங்குகிறது. அங்கே அம்மோனியாவின் பகுதி அழுத்தம் மிகக் குறைவாதலால் அது விரைந்து ஆவியாகி, பெட்டிக்குள் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் நீர் அந்த அம்மோனியாவை மீண்டும் கரைத்துக்கொள்ள, சுற்று மறுபடி தொடங்குகிறது. இதில் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. 1922-ல் இதைக் கண்டுபிடித்த பான் பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் அப்போது ஸ்டாக்ஹோமில் மாணவர்கள் என்பதை நம் மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும்!

இதில் நீர்மங்கள் புவியீர்ப்பால் மட்டுமே ஓடுகின்றன. ஆகவே வண்டியைச் சரிவான இடத்தில் நெடுநேரம் நிறுத்தினால் பெட்டி கெட்டுவிடும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் மோட்டார் குளிர்பெட்டிகள் இதன் இடத்தைப் பிடித்து வருகின்றன.

எரிவாயுவிலும் ஒரு வேறுபாடு உண்டு. நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும். புரோப்பேனோ -42 டிகிரி வரை ஆவியாகும். பனி பெய்யும் இடங்களுக்குப் போகும் வண்டிக்கு எது ஏற்றது என்பது இதிலிருந்து விளங்கும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே கசிவைக் காட்டும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள்.

வீட்டை விட்டாலும் முகவரி வேண்டும்

எடை, நீர், மின்சாரம், நெருப்பு ஆகிய நான்கும் முடிந்தாலும் ஒன்று பாக்கி. ஓட்டுநர் உரிமம், வாக்குரிமை, வரி, காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு முகவரி ஏது? ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதியர் 1978-ல் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் என்ற ஊரிலிருந்து அது உறுப்பினர்களுக்கு முகவரி தந்து, அங்கு வரும் தபால்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வைக்கிறது. தெற்கு டக்கோட்டா, புளோரிடா ஆகிய மாநிலங்களிலும் பலர் முகவரி அமைத்துக்கொள்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயணம் முடிந்துபோனவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்தபடி உதவி பெற, லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு மையமும் ஏற்படுத்தப்பட்டது. புறப்படும்போதே முடிவையும் எண்ணிப் பார்ப்பது நல்ல ஆயத்தம் அல்லவா?

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. என் பெற்றோர் ஆண்டுதோறும் தை மாதம் கரும்பு வெட்டப் புறப்படுவார்கள். ஓர் அண்டா, இரண்டு பாய், அரிசி மூட்டை, வெட்டுக் கத்தி. எதை எடுப்பது, எதை விடுவது என்று அம்மா முதல்நாள் இரவெல்லாம் பிரித்துப் பிரித்துக் கட்டுவார். ரேஷன் கார்டும், என் பள்ளிச் சான்றிதழ்களும் ஆயாவின் தகரப் பெட்டியில் ஊரிலேயே இருக்கும். நானும் அங்கேயே இருந்தேன். அந்தப் பெட்டியும் ஆயாவும் இல்லாவிட்டால் நான் இக்கல்லூரிக்கு வந்திருக்க முடியாது. எங்கள் குடும்பத்துக்கு லிவிங்ஸ்டன் அதுதான்.

எல்லோரும் உல்லாசப் பயணிகளா?

அல்லர். 2008-ல் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், வேறு வழியின்றி வண்டிகளில் குடியேறினார்கள். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அது பின்னர் 2020-ல் திரைப்படமாகி ஆஸ்கர் பரிசும் பெற்றது. இவர்களில் பலர் பருவத்துக்குப் பருவம் வேலை தேடிப் போகிறார்கள். மின்னசோட்டா, வடக்கு டக்கோட்டா பகுதிகளில் இலையுதிர் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை நடக்கும்போது, வண்டிகள் அங்கே போய் வரிசையாக நிற்கின்றன. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், இரவும் பகலும் முறை மாற்றி வேலை.

அங்கே கிழங்கு, இங்கே கரும்பு. இரண்டும் சர்க்கரைதான். ஒரே வகை வண்டியில், ஒரே வகைத் தொட்டிகளோடு, ஒருவர் ஊர் பார்க்கப் போகிறார், மற்றவர் கூலிக்குப் போகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. திரும்பி வர ஓரிடமும், வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும் வசதியும் உள்ளவருக்கே அது பயணம்.

நிறைவாக

அனுபவசாலிகள் புதிய தம்பதியருக்குச் சொல்லும் அறிவுரைகள் சில உண்டு. வீட்டை உடனே விற்காதீர்கள், ஓராண்டு வாடகைக்கு விட்டுப் பாருங்கள். முதலில் பக்கத்து ஊருக்குப் போய் இரண்டு வாரம் வாழ்ந்து பாருங்கள். வண்டி ஓட்டவும், தொட்டி திறக்கவும், எரிவாயுவை அடைக்கவும் இருவருமே கற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒருவர் நோயில் விழுந்தால் மற்றவர்தான் வீட்டை ஓட்டிவர வேண்டும்.

சென்ற விடுமுறையில் இதையெல்லாம் அம்மாவிடம் விவரித்தேன். குளிர்பெட்டியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பதிமூணு குடம் தண்ணியைக் கூடவே எடுத்துக்கிட்டுப் போறாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா அந்தம்மாவுக்கு விடியக்காலம் எழுந்து குழாயைத் தேடி அலைய வேண்டியதில்லை" என்றார். அந்த வண்டியின் சிறப்பை நான் நூலகத்தில் படித்ததைவிட அம்மா நன்றாக அறிந்துகொண்டார் என்றே தோன்றுகிறது.