போஸ் வந்திறங்கிய கப்பல்

1936 ஏப்ரல் 8 அன்று ஐரோப்பாவிலிருந்து பம்பாய் திரும்பிய சுபாஷ் சந்திர போஸை ஆங்கிலேய அரசு கைது செய்தது. அந்தக் கைது பலருக்கும் நினைவிருக்கும். அவரைக் கொண்டுவந்த 'கான்டே வெர்டே' என்ற இத்தாலியக் கப்பலைத்தான் யாரும் பேசுவதில்லை. போஸுக்கு முன்னும் பின்னும் அது சுமந்த ஆட்களைப் பார்த்தால், ஒரு கப்பலுக்கு இத்தனை வாழ்க்கையா என்றிருக்கும்.

இத்தாலியக் கொடி பறந்தாலும் அது கட்டப்பட்டது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருந்த பியர்ட்மோர் தளத்தில். மொத்தக் கொள்ளளவு 18,000 டன்னுக்கு மேல். 1923இல் தென் அமெரிக்காவுக்கு ஓடத் தொடங்கியது.

அதை ஓட்டியது நீராவிச் சுழலி, அதாவது டர்பைன். கொதிகலனில் பிறக்கும் நீராவி தகடுகளில் மோதித் தண்டைச் சுழற்றும். வடலூரை அடுத்த நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதும் இதே வழியில்தான். ஆனால் அங்கே சுழலி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றி ஜெனரேட்டரை நேரே இயக்கலாம். கடலில் அந்த வேகம் உதவாது. தண்ணீருக்குள் இருக்கும் விசிறி அப்படிச் சுற்றினால் நுரைதான் அதிகம் கிளம்பும், கப்பலைத் தள்ளும் விசை வீணாகும். அதனால் சுழலிக்கும் விசிறிக்கும் நடுவே பெரிய பல்சக்கரங்களை வைத்து வேகத்தைக் குறைத்தார்கள். அந்தக் காலத்துப் பொறியாளர்களின் திறமை இந்தப் பல்சக்கரங்களில்தான் தெரிந்தது. பயணிகள் வியந்ததோ அரண்மனை போன்ற கூடங்களைப் பார்த்து!

1930இல் உருகுவேயில் முதல் உலகக் கோப்பைக் கால்பந்து. ருமேனியா, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய மூன்று அணிகளும் இதே கப்பலில்தான் போயின. ஆட்டக்காரர்கள் மேல்தளத்திலேயே பயிற்சி எடுத்தார்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ஜூல் ரிமே, கோப்பையையும் கையோடு கொண்டுபோனார். வழியில் ரியோவில் பிரேசில் அணியும் ஏறிக்கொண்டது.

1932இல் வழித்தடம் மாறியது. பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் எனத் தொட்டு ஷாங்காய்வரை ஓடியது. 1938க்குப் பிறகு ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பிய யூதர்கள் இதில் நெருக்கியடித்து ஏறினார்கள். விசா கேட்காமல் இறங்கவிட்ட ஊர் அன்று ஷாங்காய்தான். கொழும்பிலும் பம்பாயிலும் கரையைப் பார்க்க முடிந்ததே தவிர, பெரும்பாலோருக்கு அங்கே தங்க அனுமதி கிடையாது.

1940இல் இத்தாலி போரில் குதித்ததும் கப்பல் ஷாங்காயிலேயே மாட்டிக்கொண்டது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது, ஷாங்காயைப் பிடித்திருந்த ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள். ஜப்பானியர் விடவில்லை, தூக்கி எடுத்துப் பழுதுபார்த்தார்கள். அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி மறுபடி நாசமாக்கின. போர் முடிந்தபின் பழைய இரும்புக்காக உடைத்தார்கள்.