சங்கப் பதிவேடுகளைக் காக்கும் பெட்டி

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக நிலவி வருகிறது. ஏரியின் இன்ன இடத்தில், இன்ன நாளில் வலையிடும் உரிமை இன்ன குழுவினருக்கு என்று ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்வதே அது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் இதனைக் காணலாம். இது கூட்டுறவுச் சட்டத்தினால் வந்ததன்று, ஊர் வழக்கு. ஆயினும், பட்டியலில் பெயர் இருந்தால்தான் பிழைப்பு என்பதை இக்கரையாருக்கு நாம் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை.

மீனவர் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடும் அத்தகையதே. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் செலுத்தும் பணத்தோடு அரசாங்கத்தின் பங்கும் சேர்ந்து திரும்பி வருகிறது. அதைப் பெறுவதற்குச் சங்கத்து அங்கத்தினராயிருத்தல் வேண்டும். பதிவேட்டில் ஓர் ஏடு அழிந்தால் ஒரு குடும்பத்தின் பாத்தியதை ஐயத்திற்கு இடமாகிறது. கடற்கரையிலோ ஏடு அழியக் காரணம் தேட வேண்டியதில்லை. உப்புக் காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையும் இப்பகுதியினர் மறக்கக்கூடியவையல்ல.

பழைய ஏடுகளை ஸ்கேன் செய்து கணினியில் வைத்துவிட்டோம் என்று காரியதரிசிகள் சிலர் நிம்மதியாக இருக்கின்றனர். மேசைமீதுள்ள ஒரே கணினியில், ஒரே ஹார்டு டிஸ்க்கில் உள்ள ஏடு, தாளில் உள்ள ஏட்டைவிடப் பத்திரமானது என்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். தாள் நனைந்தால் உலர்த்திப் பார்க்கலாம். டிஸ்க் நின்றுபோனால் அனைத்தும் ஒருமிக்கப் போய்விடும். 2022 ஜூன் மாதத்தில் மத்திய மந்திரிசபை 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடித் திட்டத்தை அங்கீகரித்தது உண்மையே. ஆனால் பொது மென்பொருளில் ஏறுவது நடப்புக் கணக்கு. பழைய ஏடுகளும், தீர்மானப் புத்தகங்களும், கடிதங்களும், நெசவாளர் சங்கமாயின் டிசைன் படங்களும் அந்தந்தச் சங்கத்தின் பொறுப்பிலேயே இருக்கின்றன.

இதற்கு ஏற்ற சாதனம் 'நாஸ்' எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி. இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்குகளை உள்ளடக்கிய சிறு பெட்டியைக் கேபிள் வழியாக ரூட்டருடன் இணைத்துவிட்டால், அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் அதிலிருந்து எடுக்கவும் அதில் வைக்கவும் கூடும். இணையம் அறுந்த புயல் நாளிலும், மின்சாரம் இருக்குமட்டும் ஏடு கைக்கெட்டும்.

எவ்வளவு பெரியது வேண்டும்? கடைக்காரரைக் கேட்குமுன் நாமே கணக்கிடுவோம். ஒரு பக்கத்திற்கு ஒரு மெகாபைட் என்று தாராளமாகவே கொண்டால், 200 பக்கப் பதிவேடு 200 மெகாபைட் ஆகிறது. ஆயிரம் பதிவேடுகளுக்கு 200 கிகாபைட். அதாவது 1 டெராபைட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 2 டெராபைட் டிஸ்க் இரண்டு போதும். நான்கு டிஸ்க் பெட்டி வாங்கி மூன்றைக் காலியாகச் சுழலவிடுதல் அங்கத்தினர் பணத்தைக் கரைப்பதாகும்.

சினாலஜி, கியூநாப் போன்ற ஆயத்தப் பெட்டிகளை வாங்கலாம். பழைய கணினி ஒன்றில் 'ஓப்பன்மீடியாவால்ட்' அல்லது 'ட்ரூநாஸ்' என்ற இலவச மென்பொருளை நிறுவி நாமே அமைக்கவும் செய்யலாம். இரண்டாவது வழி சிக்கனமாகத் தோன்றும். ஆனால் ஆயத்தப் பெட்டி 25 வாட் எடுத்தால் மாதத்திற்கு 18 யூனிட். பழைய கணினி 60 வாட் எடுத்தால் 43 யூனிட். அன்றியும், அமைத்துக்கொடுத்த இளைஞர் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போய்விட்டால், அதனைப் பழுது பார்ப்பவர் யார்? பராமரிப்பவர் ஊரிலேயே நிலையாக இருந்தாலொழிய, ஆயத்தப் பெட்டியே நலம் என்பது நமது அபிப்பிராயம்.

டிஸ்க் வாங்குகையில் ஒன்று கவனிக்க வேண்டும். கூரை ஓடுகளைப்போல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதும் டிஸ்க்குகள் உண்டு. எஸ்.எம்.ஆர். என்பர். பழுதான டிஸ்க்கை மாற்றி, நகலைப் புதிதாக எழுதும் சமயத்தில் இவை மிகவும் தாமதிக்கும். சி.எம்.ஆர். வகையையே கேட்டு வாங்குக.

இரு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதுவிக்கும் ஏற்பாட்டிற்கு 'ரெய்டு 1' என்று பெயர். பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988-இல் வெளியிட்ட கட்டுரையால் 'ரெய்டு' என்ற சொல் பரவிற்று. பெயரைக் கேட்டுக் காரியதரிசிகள் அஞ்சற்க. இது சோதனை போட வருவதன்று! ஒரு டிஸ்க் நின்றால் மற்றது வேலையைத் தொடரும், அவ்வளவே. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒருங்கே அழியும். வெள்ளமோ திருடனோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 2021 ஏப்ரலில் 'கியூலாக்கர்' என்ற பணம் பறிக்கும் நிரல், இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த கியூநாப் பெட்டிகளுள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டது. இரட்டை டிஸ்க் அதைத் தடுக்கவில்லை. ஆதலின் பெட்டியை வெளியிலிருந்து எட்டும்படி திறந்துவைத்தல் கூடாது. மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல் இருக்கட்டும். அங்கத்தினரின் ஆதார் நகல் எல்லார் கண்ணுக்கும் உரியதன்று.

எனவே மூன்றாவது பிரதி ஒன்று அவசியம். அது ஊரில் இருத்தலாகாது. வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் மாதந்தோறும் முழு நகலெடுத்துப் பொன்னேரி போன்ற உள்ளூரில் நம்பகமான இடத்தில் பூட்டிவைத்து, அங்கிருந்த மற்றதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பெட்டியின் அழகைவிட இந்தப் போக்குவரத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். பணம் குறைவாயின் நாஸ் வாங்குவதைத் தள்ளிவைக்கலாம், இதைத் தள்ளிவைக்கலாகாது.

பெட்டியைத் தரையிலோ ஜன்னலோரத்திலோ வைக்காமல், வெள்ளம் எட்டாத உயரத்தில், உப்புக் காற்று நேரே படாத அறையில் வைக்கவும். யு.பி.எஸ். இன்றி இயக்கற்க, மின்சாரம் போனால் தானே ஒழுங்காக நின்றுவிடும்படி அதனைப் பெட்டியுடன் இணைத்துவைக்கலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பொன்னேரிப் பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு பதிவேட்டைத் திறந்து, அசலோடு ஒப்பிட்டு, தேதியிட்டுக் கையொப்பம் வைக்கவும். தணிக்கைக்கு வருகையில் அந்தக் கையொப்பத்தை நாம் கேட்டுப் பார்ப்போம். டிஸ்க்கை எடுத்துச் செல்பவரின் பஸ் கட்டணத்தைச் சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒன்றை முன்னதாகவே போட்டுவைத்தல் நலம்.