முப்பது மைக்ரோகிராம்

மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கின்றன. 21 வெள்ளை. மீதி ஏழும் வேறு நிறம். அவை வெறும் இரும்புச்சத்து. வெள்ளை மாத்திரை ஒவ்வொன்றிலும் இரண்டு ஹார்மோன்கள்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 150 மைக்ரோகிராம், எத்தினில் எஸ்ட்ரடையால் 30 மைக்ரோகிராம். இந்த இரண்டாவது அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரே ஒரு கிராம் எத்தினில் எஸ்ட்ரடையாலை வைத்து 33,000 மாத்திரைகள் செய்துவிடலாம். ஒரு பெண் வருடம் முழுக்கச் சாப்பிட்டாலும் 273 வெள்ளை மாத்திரைதான். ஆக, ஒரு சிட்டிகைப் பொடி 120 பெண்களுக்கு ஒரு வருடத்துக்குப் போதும். இவ்வளவு சொற்பமான ஒன்று உடம்பை எப்படி ஆட்டிவைக்கிறது? அதனால் என்ன கெடுதல், யாருக்குக் கெடுதல்?

மதுரையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. இந்த வட்டாரத்து அரசு சுகாதார நிலையங்களில் மாலா-என் இலவசம். ஆனால் தமிழ்நாடு முழுக்கவே இதை வாங்குவோர் மிகக் குறைவு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் மணமான பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கருத்தடையைப் பெண்ணின் விடுதலையாகப் பெரியார் எழுதியும் பேசியும் வந்த மாநிலத்தில், கடைசியில் பெண்ணுக்குக் கிடைத்தது இரண்டு பிள்ளை பெற்றதும் ஓர் ஆபரேஷன் என்ற ஒற்றை வழிதான்.

அதற்காக இந்தப் பக்கத்துப் பெண்கள் யாருமே ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடுவதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. தொடுகிறார்கள், வேறு பெயர்களில். நான் இதை எழுதுவதற்கே அதுதான் காரணம். அந்தப் பெயர்களுக்கு வருமுன் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடம்பே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனை அப்படியே விழுங்கினால் பெரிதாகப் பயனில்லை. குடலிலிருந்து ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே போனதுமே அந்த ஹார்மோனில் பெரும்பகுதி சிதைக்கப்பட்டுவிடும். 1938இல் பெர்லினில், ஷெரிங் நிறுவன ஆய்வகத்தில் இன்ஹோஃபென், ஹோல்வெக் என்ற இருவர் அந்த மூலக்கூற்றோடு எத்தினில் என்ற சிறு கொத்து ஒன்றைச் சேர்த்தார்கள். இரண்டு கார்பன் அணுக்கள் மட்டுமே கொண்ட கொத்து. அது ஒட்டியிருக்கும் இடத்தில் கல்லீரலின் நொதிகளால் சுலபமாகக் கைவைக்க முடிவதில்லை. வாய்வழியே கொடுத்தாலும் வேலை செய்யும் ஈஸ்ட்ரோஜன் அப்படித்தான் பிறந்தது. முப்பது மைக்ரோகிராம் போதுமானதாக இருப்பதும் அதனால்தான்.

கருத்தடை வேலையில் பெரும்பங்கு கூட இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு. மாதத்தின் நடுவில் மூளையடிச் சுரப்பியிலிருந்து திடீரென்று எழும் ஹார்மோன் அலைதான் சினைமுட்டையை வெளியே தள்ளுகிறது. இந்த மருந்து அந்த அலையை எழவே விடாது. கர்ப்பப்பை வாயின் கோழையையும் விந்தணு நுழையாதபடி கெட்டியாக்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் சினைமுட்டை வளர்வதைத் தடுப்பதோடு, கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கலையாமல் பிடித்தும் வைக்கிறது. அது இல்லையென்றால் கண்ட நாளில் உதிரம் படும். வெள்ளை மாத்திரை தீர்ந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வாரத்தில் வரும் உதிரப்போக்கு உண்மையான மாதவிலக்கு அல்ல. ஹார்மோன் நின்றதால் சவ்வு உதிர்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கல்லீரலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் பெரிய ஆபத்துகள் இரண்டும் அங்கேதான் தொடங்குகின்றன. கல்லீரலால் எளிதில் அழிக்க முடியாததால்தான் இது மருந்தானது. அதே காரணத்தால்தான் கல்லீரலை ஓயாமல் தூண்டிக்கொண்டும் இருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைச் செய்வது கல்லீரல். ஈஸ்ட்ரோஜன் பட்டதும் அவற்றை அது கூடுதலாகச் செய்கிறது. உறைவதைத் தடுக்கும் புரதங்கள் சிலவற்றைக் குறைத்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் இயற்கையே இதைத்தான் செய்கிறது. பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தாய் சாகாமலிருக்க ரத்தத்தை முன்கூட்டியே உறையத் தயாராக வைக்கிறது. மாத்திரை சாப்பிடும் பெண்ணின் கல்லீரலும் வராத ஒரு பிரசவத்துக்குத் தயாராகிறது. ரத்த அழுத்தத்தைக் கூட்டும் பொருளின் மூலப்புரதமும் கல்லீரலிலிருந்தே வருகிறது, அதுவும் கூடுகிறது. காலின் ஆழத்து ரத்தநாளத்தில் ரத்தம் கட்டுவது, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைப்பது, பி.பி. ஏறுவது எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே.

எத்தனை பேருக்கு? ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் முடித்த மறுஆய்வின்படி, மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு இப்படி ரத்தம் கட்டும். மாலா-என்னில் உள்ளது போன்ற லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை சாப்பிடும் 10,000 பேரில் 5 முதல் 7 பேர். ட்ராஸ்பிரினோன் கலந்த மாத்திரை என்றால் 9 முதல் 12. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கணக்கில் கர்ப்பிணிகளிடம் அது 5 முதல் 20 வரை. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில், வருடக் கணக்கில் சொன்னால், 40 முதல் 65 வரை. வேண்டாத கர்ப்பத்தைவிட மாத்திரையில் ஆபத்து குறைவு. ஆனாலும் அந்த ஐந்தாறு பேர் யாரென்று முன்கூட்டியே ஓரளவு கண்டுபிடிக்க முடியும் என்கிறபோது, கண்டுபிடிக்காமல் விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

இந்த எண்ணிக்கை இவ்வளவு இறங்கியதற்குப் பின்னால் பெண்கள் கேட்ட கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1960இல் கருத்தடைக்கென்று ஒப்புதல் பெற்ற முதல் மாத்திரை எனோவிட். அதில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். அதற்கு முன்பு போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் அதைச் சோதித்தபோது, நூற்றுக்கு 17 பேருக்குக் குமட்டல், தலைச்சுற்றல், வாந்தி, தலைவலி என்று எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர் எழுதினார். இவ்வளவு பக்கவிளைவுள்ள மாத்திரை சரிப்படாது என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1961இல் இங்கிலாந்தில் மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணின் நுரையீரலில் ரத்தக்கட்டி கண்ட செய்தி லான்செட் இதழில் வந்தது. 1969இல் பிரிட்டன் 50 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. 1970இல் அமெரிக்க செனட் விசாரணையில் மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவரைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அதன் பிறகுதான் மாத்திரையோடு அதன் ஆபத்துகளைச் சொல்லும் துண்டுத்தாள் வைக்கும் வழக்கம் வந்தது.

பயமுறுத்துவதும் ஆபத்துதான். 1995 அக்டோபரில் பிரிட்டனில், புதுவகை மாத்திரைகளால் ரத்தம் கட்டும் வாய்ப்பு இரு மடங்காகிறது என்று அறிவித்தார்கள். அது 7,000 பேரில் ஒருவர் என்பது இருவர் ஆவதுதான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பல பெண்கள் பாதி அட்டையிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடியது.

இனி அந்த வேறு பெயர்கள். முதலாவது, நீர்க்கட்டி மாத்திரை. நாள் தள்ளித் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி, பரு என்று மதுரைக்கு ஸ்கேன் எடுக்கப் போகும் கல்லூரிப் பெண்ணுக்குப் பல சமயம் எழுதித் தருவது கலப்புக் கருத்தடை மாத்திரைதான். அது சரியான சிகிச்சையே. ஆனால் கல்யாணமாகாத பெண்ணிடம் "கருத்தடை" என்ற சொல்லைச் சொல்லக் கூசி, "ஹார்மோன் மாத்திரை", "நாள் சரியாக வர மாத்திரை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ட்ராஸ்பிரினோன், சைப்ரோடிரோன் கலந்தவற்றில் ரத்தம் கட்டும் வாய்ப்பு மாலா-என்னைவிடக் கூடுதல் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலும் மாத்திரை இப்படித்தான் நுழைந்தது: எனோவிட் 1957இல் அனுமதி பெற்றது மாதவிலக்குக் கோளாறுக்கான மருந்தாக.

இரண்டாவது, நாள் தள்ளும் மாத்திரை. காப்புக் கட்டியாயிற்று, முளைப்பாரி எடுக்க வேண்டும்; அல்லது வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்; அல்லது நாத்தனார் கல்யாணம். மெடிக்கலில் போய், "அண்ணே, நாள் தள்ளிப்போற மாத்திரை" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் பல இடங்களில் சீட்டு இல்லாமலே அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது நார்எத்திஸ்டிரோன், 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. அட்டையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பேச்சே இருக்காது. ஆனால் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு சிறு பங்கு எத்தினில் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிட்டதற்குச் சமம். அட்டையைக் கத்தரித்து விற்கும்போது துண்டுத்தாளும் கைக்கு வராது. வந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும்.

திருவிழாவுக்கு வாங்கினாலும் நீர்க்கட்டிக்கு வாங்கினாலும் கருத்தடைக்கு வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றேதான். பி.பி. எவ்வளவு? 140/90க்கு மேல் என்றால் கலப்பு மாத்திரை பொதுவாக வேண்டாம். 160/100ஐ எட்டினால் கூடவே கூடாது. காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் கட்டியதா? கூடப் பிறந்தவர்களுக்கு? ஒற்றைத் தலைவலி உண்டா, வருமுன் கண்முன்னே மின்னல் போல வளைகோடு ஜிகுஜிகுவென்று ஓடுகிறதா? ஓடினால் பக்கவாத ஆபத்து கூடுதல், இந்த மாத்திரை ஆகாது. மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கும், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்களுக்கும் ஆகாது. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை நம் ஊரில் தவறாமல் கேட்க வேண்டும். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனைச் சீக்கிரமே அழித்துவிடும், கருத்தடை பலிக்காது. வலிப்பு மருந்துகள் சிலவும் அப்படியே.

இவற்றில் கருவி தேவைப்படுவது பி.பி. ஒன்றுக்குத்தான். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி. பார்க்கிறார்கள். மாமனாருக்குக் கட்டும் அதே பட்டையை மருமகளின் கையிலும் கட்டி, "என்ன மாத்திரை சாப்பிடுற தாயி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சில்லறைத் தொந்தரவுகள் தனி. முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், மார்பு கனத்தல், இடையிடையே உதிரம் படுதல், தலைவலி வரலாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். சிலருக்கு முகத்தில் மங்கு விழும், சிலருக்கு மனம் சோர்ந்து போகும். அப்படியானால் சகித்துக்கொள்ளாமல் மாற்று கேட்க வேண்டும். "மாத்திரை சூடு நர்சம்மா, கர்ப்பப்பையை வறட்டிருமாம்" என்ற பயம் பரவலாக உண்டு. வறட்டாது. நிறுத்திய சில மாதங்களுக்குள் சினைமுட்டை பழையபடி வெளிவரும். நேர்மாறாக, உதிரப்போக்கு குறைவதால் ரத்தசோகைக்கு நல்லது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

புற்றுநோய்க் கணக்கு இருபக்கமும் ஓடுகிறது. சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றே கூடும். நிறுத்திய பத்தாண்டுகளில் அது மறையும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் கொஞ்சம் கூடும். சினைப்பைப் புற்றுநோயோ ஒவ்வொரு ஐந்து ஆண்டுக்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அந்தப் பாதுகாப்பு மாத்திரையை விட்டு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நீடிக்கிறது. 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் சொன்ன முடிவு இது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், இதுவரை காணாத கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்குப் போட்ட மாத்திரையானாலும் சொல்ல வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் ஆகாது என்றால் கருத்தடைக்கே வழியில்லை என்பதில்லை. காப்பர்-டி இருக்கிறது, ஆணுறை இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் மாலா-என் வேண்டாம் என்பார்கள். அவர்களும் சாப்பிடக்கூடிய சாயா மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து அது, ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அது சரிவராது; ஆகவே அதை வாங்கும்போதும் நர்சம்மா நாலு கேள்வி கேட்பார், கேட்காவிட்டால் நாமாகச் சொல்லிவிட வேண்டும்.