தண்ணீர் குடித்த இன்ஜின்

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5ஆம் தேதி கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால், அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் அது கொட்டித் தீர்த்தது சென்னை மீது. திருவொற்றியூரும் எர்ணாவூரும் மணலியும் வெள்ளத்தில் நின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதை நாடே பார்த்தது. அதே நாட்களில் வீட்டு வாசலிலும் சந்து முனையிலும் நின்றபடியே மூழ்கிய கால் டாக்ஸிகளைப் பற்றியும் 'குட்டி யானை' சரக்கு வண்டிகளைப் பற்றியும் பேச்சு அவ்வளவாக எழவில்லை. ஓட்டுநருக்குச் சொத்து, முதலீடு, மாதச் சம்பளம் எல்லாமே அந்த ஒரு வண்டிதான்.

இன்ஜினைப் பெரும்பாலும் கெடுப்பது வெள்ளம் அல்ல. வெள்ளம் வடிந்த பிறகு, 'ஓடுதா பார்க்கலாம்' என்று திருப்புகிறோமே, அந்தச் சாவிதான். காற்றை இழுக்க வேண்டிய குழாய் தண்ணீரை இழுத்துவிடுகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே ஏறி வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, கீழிருந்து கிராங்க் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளைகிறது. இதில் டீசல் வண்டிக்கு ஆபத்து அதிகம். நம் ஊர் டாக்ஸிகளில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இருந்த 1,248 சிசி டீசல் இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 312 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே மிஞ்சும் இடம் சுமார் 20 மில்லிதான். நாலு டீஸ்பூன் தண்ணீர் உள்ளே போனால் அந்த இடம் நிரம்பிவிடும்.

ஆகவே, செலவைக் குறைக்கும் முதல் வேலைக்குக் காசே வேண்டாம். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் சேர்ப்பது, அவ்வளவுதான். அவர் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் இருந்தால் தண்ணீர் ஆயில் சம்ப் வரைக்கும் போயிருக்கிறது. பெட்ரோல் வண்டியில் பிளக்கையும் டீசல் வண்டியில் இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு, கிராங்க்கைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வண்டி ஸ்டார்ட் செய்யப்படாமல் இருந்து, இதையும் தாமதிக்காமல் செய்துவிட்டால், ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதோடு தப்பித்த வண்டிகள் உண்டு. வாரக்கணக்கில் போட்டு வைத்தால் சிலிண்டர் சுவரில் துரு பிடித்து, ரிங் ஒட்டிக்கொள்ளும்.

சாவியைத் திருப்பியாகிவிட்டது என்றால்? இங்கேதான் கையில் காசில்லாதவர்கள் ஏமாறுகிறார்கள். ராடு லேசாக வளைந்திருந்தாலும் இன்ஜின் ஓடும். கொஞ்சம் உதறும், ஒரு சிலிண்டரில் அமுக்கம் குறையும். 'ஓடுதே, அப்புறம் பார்க்கலாம்' என்று சவாரிக்குப் போய்விடுவார்கள். வளைந்த ராடு சில மாதம் கழித்து நெடுஞ்சாலையில் முறிந்து, பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு ராடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு முழு இன்ஜினுக்கு வந்து நிற்கும்.

எனவே, பாகம் வாங்குவதற்கு முன்னால் அளவெடுக்கச் சொல்லுங்கள். ஹெட்டை இறக்கி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்த்தால் போதும். வளைந்த ராடு உள்ள சிலிண்டரில் பிஸ்டன் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். கம்ப்ரஷன் சோதனையும் அதையே காட்டிக்கொடுக்கும். அளவெடுக்காமலே 'ஃபுல் இன்ஜின் வேலை' என்று எஸ்டிமேட் போடுபவரிடமும், அளவெடுக்காமலே 'ஒன்றுமில்லை, ஓட்டுங்க' என்பவரிடமும் வண்டியை விடாதீர்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் சில உண்டு. வளைந்த ராடை நிமிர்த்திப் போடக் கூடாது. ராடு போல்ட், பேரிங், ஹெட் கேஸ்கெட், ஆயில் சீல் எல்லாம் புதிதாகத்தான் இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்க லேத் பட்டறை இருக்கிறது. கோடு விழுந்த கிராங்க்கை அரைத்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். பல இன்ஜின்களுக்கு 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறது; அதற்கேற்பப் போர் அடிக்கலாம், அதுவும் தாங்காத பிளாக்குக்கு ஸ்லீவ் இறக்கலாம். ஹெட்டில் விரிசல் இல்லை என்று பார்த்துவிட்டு, ஃபேஸிங் செய்து, வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் பழைய ஹெட்டே ஓடும்.

இந்தக் கைத்தொழில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துக்குப் புதிதல்ல. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அந்த ஐம்பதுகளிலேயே திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. இன்ஜினை வேலையாகவே அறிந்த ஊர் இது. இங்குள்ள சின்னப் பட்டறைகளில் மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த கைகள் இருப்பதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். பெரிய சர்வீஸ் சென்டர் 'அசெம்பிளியையே மாற்றணும்' என்று கைவிரிக்கும் இடத்தில், பாகத்தைப் பழுதுபார்ப்பது பற்றி யோசிப்பவர்கள் இவர்கள்.

நான் சொன்ன அந்த 1,248 சிசி இன்ஜினை மாருதி, டாடா, ஃபியட் மூன்றும் பயன்படுத்தின. மாருதி 2020இல் டீசலையே விட்டுவிட்டாலும், ஜி.பி. ரோட்டில் புதிய பாகமும் புதுப்பேட்டையில் பழைய பாகமும் தேட வழி இருக்கிறது. பழைய இன்ஜினையே முழுதாக வாங்கி மாற்றுவதானால் பில் வாங்குங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்றுங்கள். அந்த எண் பொருந்தாத வண்டியை விற்கவும் முடியாது, காப்பீடும் கேட்க முடியாது. திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் நிற்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் இதில் கொடுமையான பகுதி. வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. தண்டலுக்கு வாங்கினால் மறுநாளே வசூலுக்கு ஆள் வந்துவிடுகிறார். அந்த வெள்ளத்துக்கு அரசு தந்த 6,000 ரூபாய், நனைந்த அரிசிக்கும் பாய்க்கும் போனபின் இன்ஜினுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. காம்ப்ரிஹென்சிவ் வைத்திருந்தாலும், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி, இன்ஜின் செலவைத் தள்ளிவிடுகிறார்கள். அதற்கென்று தனியாக 'இன்ஜின் புரொடெக்ட்' எடுக்க வேண்டும். ஆனால், வண்டிக்கு வயதாகிவிட்டால் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. பழைய வண்டியை வைத்துப் பிழைப்பவருக்குத்தானே அது அதிகம் தேவை? ஓட்டிப் பிழைக்கும் வண்டிகளுக்கு வயது பார்க்காமல் இந்தக் காப்பீட்டைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் தண்டல் வட்டியைவிட அது மேல்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் உங்கள் பாலிசியை எடுத்து, இன்ஜினுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஏறினால் வண்டியை அப்படியே போட்டோ எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். காப்பீடு கேட்பதானால், சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்க விடாதீர்கள். சாவியை மட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.