சர்வருக்குள் இன்னொரு கணினி

அணைத்து வைத்த சர்வர் ஒன்றின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மின்விசிறிகள் நின்றிருக்கும், டிஸ்க் விளக்குகள் அணைந்திருக்கும். ஓரத்தில் உள்ள ஒரு நெட்வொர்க் போர்ட்டில் மட்டும் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். பவர் கார்டைப் பிடுங்கும்வரை அது அணையாது. அந்த விளக்குக்குப் பின்னால் ஒரு முழுக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சொந்தமாகப் பிராசஸர், மெமரி, இயங்குதளம், ஐ.பி. முகவரி எல்லாம் உண்டு. பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பது அதன் பெயர். சர்வரோடு பழகுகிறவர்கள் பி.எம்.சி. என்பார்கள்.

இது எதற்கு? சென்னையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டம் அட்மின் ஒருவர், வேறொரு கண்டத்தில் ரேக்கில் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். நம் ஊர் ஐ.டி. அலுவலகங்களில் இது அன்றாட வேலை. இயங்குதளம் நன்றாக ஓடும்வரை எஸ்.எஸ்.எச். வழியாகவோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ உள்ளே போய்விடலாம். கெர்னல் உறைந்துவிட்டால்? அப்டேட் போட்டு ரீபூட் செய்தபின் சர்வர் எழவே இல்லையென்றால்? ஃபயர்வால் விதியைத் தப்பாகத் தட்டித் தன் இணைப்பையே அறுத்துக்கொண்டால்? இயங்குதளத்தை நம்பிய எந்த வழியும் அப்போது உதவாது. யாராவது டேட்டா சென்டருக்குள் போய், மானிட்டரையும் கீபோர்டையும் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து மாட்ட வேண்டும். பி.எம்.சி. இருந்தால் அந்தப் பயணம் மிச்சம்.

பல சர்வர்களில் திரைக்குப் படம் வரையும் சுற்றும் பி.எம்.சி.யும் ஒரே சிப்பில் இருக்கின்றன. தைவானின் ஏஸ்பீட் நிறுவனத்துச் சிப்களை இதற்காகவே பல மதர்போர்டுகளில் பார்க்கலாம். மானிட்டருக்குப் போக வேண்டிய படத்தை அந்தச் சிப் பிடித்து, சுருக்கி, நெட்வொர்க்கில் அனுப்பிவிடுகிறது. நீங்கள் இங்கே தட்டும் எழுத்து அங்கே மதர்போர்டுக்கு ஒரு யு.எஸ்.பி. கீபோர்டிலிருந்து வருவதாகவே தெரியும். உங்கள் லேப்டாப்பில் உள்ள ஐ.எஸ்.ஓ. கோப்பு அதற்கு ஒரு டிவிடி டிரைவாகத் தெரியும். ஆகவே பயாஸ் திரைக்குள் நுழையலாம், டிஸ்க்குகளை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம், பவர் பட்டனை அழுத்தலாம். எந்த விசிறி நின்றது, எந்த மெமரி ஸ்லாட்டில் பிழை வந்தது என்ற பதிவேடும் அதனிடம் இருக்கும். இயங்குதளம் செத்துக் கிடந்தாலும் அந்தப் பதிவேட்டைப் படித்துவிடலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். எது பழுது என்று யூகிக்க வேண்டியதில்லை.

இன்டெல், எச்.பி., என்.இ.சி., டெல் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 1998-ல், பி.எம்.சி.யோடு பேசுவதற்கான ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. அதன் 2.0 பதிப்பு 2004-ல் வந்தது. அதன்மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த வசதிகளை ஏற்றியது. எச்.பி.யில் பி.எம்.சி.யின் பெயர் ஐலோ, டெல்லில் ஐடிராக்.

இப்போது பழைய சர்வருக்கு வருவோம். டெல் பவர்எட்ஜ் ஆர்710-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2009-ல் வந்த இந்த வகை, இன்றும் சோதனைக் கூடங்களிலும் ஆர்வலர்களின் வீடுகளிலும் ஓடுகிறது. இரண்டு ஜியான் பிராசஸர், 18 மெமரி ஸ்லாட். கோப்புகளைச் சேமிக்கவோ மாணவர்கள் பழகவோ இது தாராளம். இரும்பு உழைக்கிறது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் ஐடிராக்6 என்ற குட்டிக் கணினிக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு நின்றுபோனது. அது எப்போதும்போலத்தான் இருக்கிறது. மாறியது நம் பக்கம்.

பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால், பாதுகாப்பான இணைப்பு அமையவில்லை என்ற செய்திதான் பெரும்பாலும் வரும். பாஸ்வேர்டு கேட்கும் பக்கம்கூடத் தெரியாது. காரணம், குறியாக்கம். இணைப்பு தொடங்கும்போதே இரு தரப்பும் எந்த முறையில் பேசுவது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் பி.எம்.சி.க்குத் தெரிந்தது எஸ்.எஸ்.எல். 3-ம் டி.எல்.எஸ். 1.0-ம்தான். 2014 அக்டோபரில் பூடில் என்ற தாக்குதல் வெளியானதும் எஸ்.எஸ்.எல். 3-ஐ பிரவுசர்கள் கைவிட்டன. ஆர்சி4 என்ற குறியாக்க முறை 2015-ல் தடைசெய்யப்பட்டது. 2020-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் டி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டையும் நிறுத்தின. பணமதிப்பிழப்புக்குப் பிறகு பெட்டியடியில் அகப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டைப் போலத்தான் இதுவும்: நோட்டு கிழியவில்லை, கடைக்காரர் வாங்குவதில்லை. எஸ்.எஸ்.எச். வழியிலும் இதே கதை. பழைய கருவிகள் நம்பியிருந்த ஒரு சாவிப் பரிமாற்ற முறையை ஓப்பன்எஸ்எஸ்எச் 2015-ல் வந்த 7.0 பதிப்பில் இயல்பிருப்பாக அணைத்துவைத்தது.

இதைத் தாண்டி உள்ளே போனாலும் அடுத்த சுவர் ஜாவா. சர்வரின் திரையை நம் திரையில் காட்ட அந்தக் காலத்தில் பிரவுசருக்கு வலு போதவில்லை. எனவே பி.எம்.சி. ஒரு சின்ன ஜாவா நிரலை நம் கணினிக்கு அனுப்பும். அது ஓடி, தனி ஜன்னலில் திரையைக் காட்டும். அன்றைக்கு அது நியாயமான தேர்வு. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் ஓடும் என்பதற்காகவே ஜாவாவைப் பிடித்தார்கள். ஆனால் பிரவுசருக்குள் ஓடும் ஜாவா வைரஸ்காரர்களின் விளையாட்டுத் திடலாக மாறியதால், ஒவ்வொருவராகக் கதவை அடைத்தார்கள். சரியான கையொப்பம் இல்லாத நிரல்களை 2014 ஜனவரியில் ஜாவாவே தடுக்கத் தொடங்கியது. 2015 செப்டம்பரில் குரோமும், 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் ஜாவா செருகுநிரலுக்கு இடமில்லை என்றன. அதே 2017-ல் எம்.டி.5 முறையில் கையொப்பமிட்ட நிரல்கள் கையொப்பமே இல்லாதவையாகக் கருதப்பட்டன. 2018-ல் வந்த ஜாவா 11-ல், இந்த நிரல்களை இறக்கி ஓட்டும் வெப் ஸ்டார்ட் வசதியே நீக்கப்பட்டுவிட்டது.

இந்த முடிவுகளில் ஒன்றைக்கூடத் தவறு என்று சொல்ல மாட்டேன். எல்லாமே கோடிக்கணக்கான பேரைக் காப்பாற்ற எடுத்தவை. ஆனால் அவற்றின் கூட்டு விளைவாக, நன்றாக உழைக்கும் ஒரு இயந்திரத்தின் வாசல் அடைபட்டுப் போனது.

எப்படித் திறப்பது? உங்கள் பொறுப்பில் உள்ள சர்வர் என்றால் வழிகள் உண்டு. பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால் முதலில் முயல வேண்டியது உள்வழி. சர்வரின் இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தால், அதில் ரூட் உரிமையோடு ஐ.பி.எம்.ஐ.டூல் என்ற திறமூல நிரலை ஓட்டினால் போதும். மதர்போர்டுக்குள்ளேயே இயங்குதளத்துக்கும் பி.எம்.சி.க்கும் ஒரு நேரடித் தடம் இருக்கிறது. அது பாஸ்வேர்டு கேட்பதில்லை. அதன் வழியே ஐ.பி. முகவரியைப் பார்க்கலாம், பயனர் பட்டியலை எடுக்கலாம், புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். இயங்குதளம் ஓடவில்லையென்றால் நேரில்தான் போக வேண்டும். ஆர்710-ன் முகப்பில் ஒரு சிறிய எல்.சி.டி. திரையும் பக்கத்தில் பட்டன்களும் இருக்கும். ஐடிராக்கின் முகவரியை அங்கேயே மாற்றலாம். சர்வர் எழும்போது கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் இன்னும் விரிவான அமைப்புத் திரை வரும். எச்.பி. ப்ரோலயன்ட் சர்வர்களில் மதர்போர்டின் மேலேயே ஒரு சிறு சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளினால் ஐலோ பாஸ்வேர்டு கேட்காமல் விடும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குத் தள்ளிவிட வேண்டும்.

பி.எம்.சி. பதிலே சொல்லவில்லையா? அதுவும் கணினிதானே, அதற்கும் உறைந்துபோகும் வியாதி உண்டு. ஐ.பி.எம்.ஐ.டூல் வழியாக அதை மட்டும் ரீசெட் செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குப் பொதுவாகப் பாதிப்பு இராது. அதுவும் பலிக்காவிட்டால் சர்வரை முறையாக அணைத்து, பவர் கார்டைப் பிடுங்க வேண்டும். சர்வரில் பெரும்பாலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்றை மட்டும் பிடுங்கினால் பி.எம்.சி. மற்றொன்றிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். இரண்டையும் பிடுங்கி, மிச்ச மின்சாரமும் வடியச் சிறிது நேரம் விட்டு, பிறகு சொருக வேண்டும்.

அடுத்தது கன்சோல், அதாவது சர்வரின் திரை. படத்திரை இல்லாமல் எழுத்துத் திரை போதும் என்றால், ஐ.பி.எம்.ஐ. 2.0-ல் உள்ள சீரியல் ஓவர் லேன் வசதியை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். சர்வரின் சீரியல் போர்ட்டில் போக வேண்டிய எழுத்துகளை அது நெட்வொர்க்கில் கொண்டுவந்து தரும். ஜாவா வேண்டாம், பிரவுசர் வேண்டாம். பயாஸிலும் லினக்ஸிலும் சீரியல் கன்சோலை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவைப்பது நல்லது.

படத்திரையே வேண்டுமென்றால் பழைய பிரவுசரும் பழைய ஜாவாவும் தேவை. இங்கேதான் பலரும் ஆபத்தான குறுக்குவழியில் போகிறார்கள். தங்கள் அன்றாட லேப்டாப்பில் ஜாவாவின் பாதுகாப்பு அமைப்புக் கோப்பைத் திறந்து, தடைசெய்யப்பட்ட முறைகளின் பட்டியலை அழித்துவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலைக்காகத் தளர்த்திய பூட்டு வருடக்கணக்கில் தளர்ந்தே கிடக்கும். அதே லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கும் பார்ப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய மென்பொருள்களைத் தனியாக ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, இணையத்துக்குப் போகும் வழியைத் துண்டித்து, பி.எம்.சி. இருக்கும் நெட்வொர்க்கை மட்டும் எட்டும்படி வையுங்கள். பழையது பழையதோடு மட்டும் பேசட்டும். எஸ்.எஸ்.எச்.சிலும் அப்படியே: பழைய முறையை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதிக்கலாம், எல்லாவற்றுக்கும் திறந்துவிட வேண்டியதில்லை. கடைசியில் எதுவும் நடக்கவில்லையென்றால், ராஸ்பெரி பையை வைத்துச் செய்யும் பைகேவிஎம் போன்ற கருவியை சர்வரின் மானிட்டர் போர்ட்டிலும் யு.எஸ்.பி.யிலும் சொருகலாம். செத்த பி.எம்.சி.க்குப் பதிலாக வெளியிலிருந்து ஒன்று.

இவ்வளவு பாடுபட்டு வாசலைத் திறந்தவர்கள், அதை இணையத்தில் திறந்து வைக்கும் தவறை மட்டும் செய்யக் கூடாது. பி.எம்.சி. கைக்குள் வந்தவருக்கு சர்வர் முழுவதும் கைக்குள் வந்த மாதிரி. இயங்குதளத்தில் எவ்வளவு கெட்டியான ஃபயர்வால் இருந்தாலும் பயனில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் 2013-ல் ஐ.பி.எம்.ஐ.யின் ஓட்டைகளை விரிவாக எழுதினார். அவற்றில் ஒன்றைக் கேட்டால் நம்ப முடியாது. ஐ.பி.எம்.ஐ. 2.0 விதிமுறைப்படி, உள்ளே நுழைய முயல்பவர் தன்னை நிரூபிக்கும் முன்பே, அந்தப் பயனரின் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷை சர்வர் அனுப்பிவிடும். அதை எடுத்துக்கொண்டு போய், தன் கணினியில் வைத்து லட்சக்கணக்கான சொற்களைப் பொருத்திப் பார்க்கலாம். விதிமுறையிலேயே உள்ள குறை என்பதால் ஃபர்ம்வேர் மாற்றினாலும் தீராது. நீளமான பாஸ்வேர்டு ஒரு தடுப்பு, அதற்கும் உச்ச வரம்பு 20 எழுத்து. அந்த ஆண்டு இணையத்தை அலசிய ஆய்வில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பி.எம்.சி.க்கள் வெளியே தெரியும்படி இருந்தன.

ஐலோ4-ல் 2017-ல் கண்டுபிடித்த ஓட்டை இன்னும் திகைக்க வைப்பது. இணைப்புக் கோரிக்கையின் ஒரு தலைப்புவரியில் ஏ என்ற ஆங்கில எழுத்தை 29 முறை அனுப்பினால், பாஸ்வேர்டே இல்லாமல் நிர்வாகியாகிவிடலாம். திருத்திய ஃபர்ம்வேர் வந்துவிட்டது. ஆனால் அதை ஏற்றாத சர்வர்களுக்கு அது எந்த நாளும் திறந்த கதவுதான். இது போதாதென்று, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு வேறு. பழைய டெல்லில் பெயர் ரூட், பாஸ்வேர்டு கால்வின். பழைய சூப்பர்மைக்ரோவில் பெயரும் பாஸ்வேர்டும் அட்மின். உலகத்துக்கே தெரிந்த இந்தச் சொற்களை மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் இப்படிப் பொதுப் பாஸ்வேர்டு வைப்பதைத் தடுத்த பிறகு, சூப்பர்மைக்ரோ ஒவ்வொரு போர்டுக்கும் தனிப் பாஸ்வேர்டு அச்சிட்டு அனுப்பத் தொடங்கியது.

புதிய சர்வர்களில் நிலைமை எவ்வளவோ தேவலை. டி.எம்.டி.எஃப். என்ற அமைப்பு 2015-ல் வெளியிட்ட ரெட்ஃபிஷ், ஐ.பி.எம்.ஐ.யின் இடத்தைப் பிடித்துவருகிறது. சாதாரண வலைத்தளம் போலப் பேசும். கன்சோலும் இப்போது பிரவுசருக்குள்ளேயே திறக்கிறது, ஜாவா தேவையில்லை. எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஓப்பன்பிஎம்சி. ஃபேஸ்புக்கில் தொடங்கிய அந்தப் பெயரும் முயற்சியும் இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்கின்றன. மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தால், விற்ற நிறுவனம் கைவிட்ட பிறகும் வேறு யாராவது புதுப்பிக்க வழியிருக்கும். ஆர்710-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பழைய சர்வரை விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்க்குகளைக் கழற்றி அழித்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். பி.எம்.சி.யின் பாஸ்வேர்டுகள் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் மெமரியில் இருக்கின்றன. ஐ.பி.எம்.ஐ.யின் அமைப்பு காரணமாக அவற்றை அது திரும்பப் படிக்கக்கூடிய வடிவில்தான் வைத்திருக்க வேண்டும். ரேக்கில் உள்ள அத்தனை சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால், காயலான் கடைக்குப் போகும் ஒன்று மற்றவற்றின் சாவியையும் எடுத்துக்கொண்டு போகும். லாரியில் ஏற்றுமுன் பி.எம்.சி.யைத் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யுங்கள். மிஞ்சியிருக்கும் சர்வர்களின் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.